மேக்கில் டாலி ஓடுமா? ஒரு நாற்பது வருஷக் கதை

எக்செல் முதலில் விண்டோஸில் வரவில்லை, ஆப்பிள் மேக்கில்தான் வந்தது என்று சொன்னால் எங்கள் வங்கியில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். 1985 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்செலை மேக்கின்டாஷுக்காக வெளியிட்டது. விண்டோஸின் முதல் பதிப்பு கடைக்கு வந்ததே அந்த வருஷம் நவம்பரில்தான். விண்டோஸில் ஓடும் எக்செல் 1987-இல் வந்தது. பவர்பாயின்ட்டும் 1987-இல் மேக்கில் பிறந்ததுதான். ஃபோட்டோஷாப் 1990-இல் மேக்குக்கு மட்டும் வந்து, விண்டோஸ்காரர்களை 1992 வரை காக்க வைத்தது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைகளில் பல வருஷம் கோலோச்சிய பேஜ்மேக்கரும் அப்படியே, 1985-இல் மேக்கில் ஆரம்பித்தது.

அதாவது ஒரு காலத்தில் 'மேக்கில் இருக்கிறதே, நம் கணினியில் எப்போது வரும்?' என்று மற்றவர்கள் ஏங்கினார்கள். அப்புறம் ஆறு திசை மாறி ஓட ஆரம்பித்தது. இன்றைக்கு ஹைதராபாத், செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்களில் என்னிடம் வருகிற கேள்வி வேறு: "தம்பி, மேக்கில் டாலி ஓடுமா?"

கேட்பவர்கள் யாரும் கணினிப் பிரியர்கள் அல்ல. பத்மாராவ் நகரில் எங்களுக்குத் தெரிந்த மதுரைக்கார அக்கா ஒருவர், ஜெனரல் பஜாரில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். மாதாமாதம் ஜிஎஸ்டி, மார்ச்சில் ஐந்தொகை என்று எல்லாம் டாலியில். பழைய மடிக்கணினி மூச்சு விடத் திணறிக்கொண்டிருந்தது. பையன் பொறியியல் கல்லூரியில் சேரும்போது, 'ரெண்டு பேருக்கும் சேர்த்து நல்லதா ஒன்று' என்று எம் வரிசைச் சில்லு போட்ட மேக்புக் வாங்கிவிட்டார்கள். நகைச் சீட்டுப் பணம். இனி இன்னொன்று வாங்க வழியில்லை. டாலி ஓடாவிட்டால் அக்காவின் சம்பாத்தியம் நின்றுவிடும். 'ஓடாது' என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டு நகர முடியாத இடம் இது. ஏன் ஓடாது, எப்படியெல்லாம் ஓட்டிப் பார்த்தார்கள் என்று துழாவ ஆரம்பித்துத்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் நம் ஊரில் விண்டோஸ் எப்படி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது என்பது. வங்கிகளில் கணினி நுழைந்ததற்கு வழி போட்டது 1984-இல் ரங்கராஜன் குழு கொடுத்த அறிக்கை. பேரேடு பதியும் எந்திரங்கள் கிளைகளுக்கு வந்தன. அந்தக் கதையில் மேக்கின்டாஷ் எங்குமே கிடையாது. வெளியே வியாபாரிகள் உலகத்திலும் அதே நிலைதான். செகந்திராபாத் பாரடைஸ் பக்கம் சினாய் டிரேட் சென்டர் (சிடிசி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும்), சென்னையில் ரிச்சி தெரு. தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு என்று தனித்தனியாக வாங்கி மாட்டிக் கொடுப்பார்கள். விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதா என்று யாரும் கேட்டதில்லை :-) மேக்கை அப்படித் துண்டு துண்டாக வாங்கிக் கோர்க்க முடியாது. விலையும் கட்டாது.

இந்த மண்ணில் முளைத்ததுதான் டாலி. 1986-இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் ஆரம்பித்தார்கள். அப்பாவுக்குத் தன் வியாபாரக் கணக்கைப் பார்க்க உருப்படியான மென்பொருள் கிடைக்கவில்லை, மகனை எழுதச் சொன்னார் என்பது கதை. நிறுவனத்தின் பெயர் அப்போது பியூட்ரானிக்ஸ். எழுதியது எம்எஸ்-டாஸில். அப்புறம் விண்டோஸுக்கு வந்தது. நான் கும்பகோணத்தில் பி.காம். படித்தபோது தெருவுக்கு ஒரு 'கம்ப்யூட்டர் சென்டர்', வாசலில் 'டாலி 5.4 கற்றுத்தரப்படும்' என்று பலகை. டெபிட், கிரெடிட் பாடத்தைக் கல்லூரியில் படித்தவர்களை விட டாலித் திரையில் கற்றுக்கொண்டவர்கள்தான் அதிகம் என்று அடித்துச் சொல்வேன். 2009-இல் ஈஆர்பி 9, 2020 நவம்பரில் டாலிபிரைம், நடுவில் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது தேசமே அதன் பின்னால் ஓடியது. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. இத்தனைக்கும் நடுவில் மேக்குக்கு என்று ஒரு டாலி மட்டும் இன்றுவரை வரவில்லை. தப்பு சொல்ல முடியாது. வாங்குகிறவன் எந்தக் கடையில் நிற்கிறானோ அங்கேதான் சரக்கு வைப்பார்கள்.

இனி, மேக் வைத்திருந்தவர்கள் விண்டோஸ் மென்பொருளை எப்படி ஓட்டினார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

ஆரம்பத்து வழி முரட்டு வழி. மேக்கின் வயிற்றுக்குள்ளேயே ஒரு பிசியை வைத்துவிடுவது. 1987-இல் ஏஎஸ்டி என்ற நிறுவனம் இன்டெல் 286 சில்லு பொருத்திய அட்டையை மேக்குக்காக விற்றது. 1994-இல் ஆப்பிளே 486 சில்லு அட்டையோடு குவாட்ரா 610 மாதிரி ஒன்றை விற்றது. ஒரே பெட்டி, உள்ளே இரண்டு மூளை. விசையைத் தட்டினால் திரை இங்கிருந்து அங்கே தாவும். வேலை செய்தது, ஆனால் இரண்டு கணினிக்கான காசு.

அடுத்தது துபாஷி வழி. புதுச்சேரியில் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தாரே, அது மாதிரி. இந்தப் பக்கம் மோட்டோரோலா சில்லு, அது பேசுவது ஒரு பாஷை. மென்பொருளோ இன்டெல் சில்லின் பாஷையில் எழுதப்பட்டது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டளையையும் கேட்டு, மொழிபெயர்த்து, பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் இன்சிக்னியா நிறுவனத்தின் சாஃப்ட்பிசி எண்பதுகளின் கடைசியில் இதைச் செய்தது. 1994-இல் ஆப்பிள் மோட்டோரோலா 68000 வரிசையை விட்டு பவர்பிசிக்கு மாறியபோது சாஃப்ட்விண்டோஸ் என்று வந்தது. 1997-இல் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் வர்ச்சுவல் பிசி வந்து அதை ஓரங்கட்டியது. மொழிபெயர்ப்பு எத்தனை சுத்தமாக இருந்தாலும் ஒரு சங்கடம் தீராது: வேகம். இரண்டு பேர் பேசுவதை மூன்றாமவர் திருப்பிச் சொன்னால் நேரம் இரட்டிப்பாகத்தானே செய்யும்?

2003 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் இந்த வர்ச்சுவல் பிசியை கனெக்டிக்ஸிடமிருந்து வாங்கிக்கொண்டது. 2006 ஆகஸ்டில், புதிய இன்டெல் மேக்குகளுக்கு இதைக் கொண்டுவரப் போவதில்லை என்று சொல்லிக் கதையை முடித்தது. இந்த வரலாற்றில் நான் கவனித்த ஒரு விஷயம் இது. பாலம் எப்போதும் மூன்றாமவர் கட்டியது. இரு கரைக்காரர்களில் ஒருவர் மனசு மாறினால் போதும், பாலம் போய்விடும். 1984-இலிருந்து ஆப்பிள் மூன்று தடவை சில்லை மாற்றியிருக்கிறது. மூன்று தடவையும் பாலங்கள் சரிந்தன, அல்லது புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

இதில் அடுத்த மாற்றம்தான் மேக்காரர்களுக்குப் பொற்காலம். 2006 ஜனவரியில் ஆப்பிள் இன்டெல் சில்லோடு மேக்கை விற்க ஆரம்பித்தது. இனி இரண்டு பக்கமும் ஒரே பாஷை, துபாஷிக்கு வேலையில்லை. ஆனால் எக்ஸ்பியை நேராக நிறுவ முடியவில்லை. கணினி கண் விழிக்கும்போது முதலில் ஓடும் ஆரம்ப நிரல் பிசியில் பயாஸ், புது மேக்கில் இஎஃப்ஐ. எக்ஸ்பிக்கு பயாஸ் மட்டும்தான் தெரியும். 'மேக்கில் எக்ஸ்பியை ஓட்டிக் காட்டுபவருக்குப் பரிசு' என்று இணையத்தில் ஒருவர் அறிவித்தார். ஆளாளுக்குக் கொஞ்சம் போட, பரிசுத் தொகை 13 ஆயிரம் டாலரைத் தாண்டியது. 2006 மார்ச்சில் இரண்டு பேர் சேர்ந்து சாதித்துவிட்டார்கள். சரியாக அடுத்த மாதம், ஏப்ரல் 5-ஆம் தேதி, ஆப்பிளே பூட் கேம்ப்பை வெளியிட்டது! ஒரே வீட்டில் முறை வைத்துக் குடியிருப்பது போல. கணினியை அணைத்து எழுப்பினால் மேக், மறுபடி அணைத்து எழுப்பினால் விண்டோஸ்.

அதே ஜூனில் பேரலல்ஸ், 2007-இல் விஎம்வேர் ஃப்யூஷன். இது போர்ஷன் விடுவது மாதிரி. வீட்டுக்காரர் ஹாலில் இருப்பார், விண்டோஸ் பின்கட்டில் குடியிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும், நினைவகத்தைத்தான் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். ஹைதராபாதில் அந்தக் காலத்தில் மேக் வாங்கிய கணக்காளர்கள் சிலரிடம் நான் பார்த்தது இதைத்தான். டாலி ஜம்மென்று ஓடியது.

வைன் என்று இன்னொன்றும் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான். 'வைன் என்பது எமுலேட்டர் அல்ல' என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். 1993-இல் லினக்ஸுக்காக ஆரம்பித்த கட்டற்ற முயற்சி. இங்கே டிபன் கடையில் புதிதாக வந்த தமிழர் 'தயிர் சாதம்' என்று கேட்டால், சர்வர் 'பெருகு அன்னம்' என்று புரிந்துகொண்டு தட்டில் கொண்டுவந்து வைக்கிறார் இல்லையா? கேட்டவருக்குத் தமிழ்ச் சமையல்காரர் தேவைப்படவில்லை, சாதம் வந்தால் போதும். அதே மாதிரி, மென்பொருள் 'கோப்பைத் திற' என்று விண்டோஸிடம் கேட்பதாக நினைத்துக் கேட்கும். வைன் அதை வாங்கி உள்ளூர் வழியில் திறந்து கொடுக்கும். விண்டோஸே வேண்டாம், உரிமக் காசும் வேண்டாம். சிக்கல் என்னவென்றால் விண்டோஸிடம் கேட்கக்கூடிய கேள்விகள் ஆயிரக்கணக்கில், பாதிக்கு முறையான ஆவணமும் கிடையாது. 1.0 பதிப்பு வெளிவர 2008 ஜூன் ஆனது. பதினைந்து வருஷம்! சம்பளமில்லாமல் இத்தனை பேர் இத்தனை காலம் உட்கார்ந்து எழுதியதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அதை மேக்கில் எளிதாக நிறுவும்படி செய்து கிராஸ்ஓவர் என்ற பெயரில் 2007-இலிருந்து விற்கிறார்கள்.

பொற்காலம் 2020 வரை. அந்த நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லோடு மேக்குகளை இறக்கியது. ஆர்ம் வகைச் சில்லு, மறுபடி வேறு பாஷை. பூட் கேம்ப் அதில் இல்லை. துபாஷி திரும்ப வந்து உட்கார்ந்தார், இந்தத் தடவை இரண்டு பேராக. மேக் பக்கத்தில் ரொசெட்டா 2. விண்டோஸ் பக்கத்தில், ஆர்முக்கென்றே உள்ள விண்டோஸ் 11 இன்டெல் மென்பொருளைத் தானே மொழிபெயர்த்து ஓட்டுகிறது. 2023 பிப்ரவரியில் பேரலல்ஸ் வழியாக அதை எம் வரிசை மேக்கில் ஓட்ட மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதித்தது. விஎம்வேர் ஃப்யூஷன் 2024-இல் இலவசமாகவே கிடைக்க ஆரம்பித்தது. சில்லுகள் வேகம் கூடிவிட்டதால் மொழிபெயர்ப்பின் தாமதம் கணக்கு வேலைக்குப் பெரிதாகத் தெரியாது.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. யுஎஸ்பி குச்சியில் வரும் மின்கையெழுத்து. நிறுவனங்களின் படிவங்கள், தணிக்கையாளர் வேலை என்றால் அந்தக் குச்சி வேண்டும். அதை விண்டோஸ் அடையாளம் காண 'டிரைவர்' எனும் ஓட்டி நிரல் வேண்டும், ஓட்டி நிரல்களை மட்டும் ஆர்ம் விண்டோஸ் மொழிபெயர்க்காது. ஆர்முக்கென்றே எழுதியிருந்தால்தான் ஆச்சு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பேரலல்ஸுக்குக் காசு கட்டாதீர்கள்.

அரசாங்கத் தளங்களும் இந்த விண்டோஸ் கட்டாயத்தை வளர்த்தன என்பதையும் சொல்ல வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கும் பக்கங்களை எத்தனை பார்த்திருப்போம்? மேக்குக்கான எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் 2003-லேயே நிறுத்திவிட்டது. வருமான வரித் துறை கொடுத்த எக்செல் படிவங்கள், உள்ளே மேக்ரோ வைத்திருந்ததால், மேக்கிலிருந்த எக்செலில் மக்கர் செய்தன. மேக்கில் பிறந்த எக்செல்! தென்கொரியாவில் இது இன்னும் மோசம். அங்கே வங்கிப் பரிமாற்றத்துக்கே ஆக்டிவ்எக்ஸ் என்ற விண்டோஸ் மட்டுமேயான சங்கதி தேவைப்பட்டது, உள்நாட்டு மறையாக்க முறையை உலாவிகள் அறியாததால் வந்த வினை. பல வருஷம் மேக்காரர்கள் தங்கள் சொந்தக் கணக்கை வீட்டிலிருந்து பார்க்க முடியாமல் இருந்தார்கள். நம் ஊரில் அந்த அளவுக்குப் போகவில்லை. வங்கிக்காரனாக அதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி.

ஹைதராபாதைச் சொல்லாமல் விட்டால் என் வீட்டிலேயே கோபித்துக்கொள்வார்கள். 1997 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடு செய்து, மேக்குக்கு ஆஃபீஸ் மென்பொருளை ஐந்து வருஷம் தொடர்ந்து தருவதாக உறுதி சொன்னது. மறு வருஷம், 1998-இல், மைக்ரோசாஃப்டின் இந்திய வளர்ச்சி மையம் இங்கே தொடங்கியது. இங்கே செய்தவற்றில் விஷுவல் ஜே ஷார்ப் ஒன்று. ஜாவா மொழியில் எழுதிப் பழகியவர்களை டாட்நெட்டுக்குக் கூட்டிவருகிற ஏற்பாடு, அதுவும் ஒரு பாலம்தான். 2016-இல் ஆப்பிள் தன் வரைபடப் பணிக்கான மையத்தை நானக்ராம்கூடாவில் திறந்தது. கச்சிபௌலியில் மைக்ரோசாஃப்ட், பக்கத்திலேயே ஆப்பிள். இரண்டிலும் வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள் ஒரே அடுக்ககத்தில் குடியிருக்கிறார்கள். பேகம்பேட்டை பள்ளியில் படித்த சத்யா நாதெல்லா 2014 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தலைவரானார். அடுத்த மாதமே ஐபேடுக்கு ஆஃபீஸ் வந்தது. முன்பே தயாராகிக்கொண்டிருந்ததுதான், ஆனாலும் காற்று மாறியது தெரிந்தது.

சரி, அக்கா விஷயம். எங்கள் வங்கிக் கிளையில் நடந்ததைத்தான் அவருக்கு உதாரணமாகச் சொன்னேன். முன்பு ஒவ்வொரு கிளையிலும் அதனதன் பேரேடு, அதனதன் எந்திரம். கோர் பேங்கிங் வந்ததும் கணக்கெல்லாம் எங்கோ இருக்கும் தரவு மையத்துக்குப் போய்விட்டது, நம் மேசையில் இருப்பது ஒரு சன்னல் மட்டும். மின்வெட்டில் கிளை இருட்டினாலும் கணக்கு அங்கே பத்திரம். அதே வழியை வீட்டிலும் செய்யலாம். சிடிசியில் பழைய விண்டோஸ் கணினி ஒன்று, 'ப்ரோ' பதிப்பு உரிமத்தோடு. ('ஹோம்' பதிப்பு வெளியிலிருந்து வரும் தொலைத்திரை இணைப்பை ஏற்காது, கவனம்.) அது அலமாரியின் மேல் திரையில்லாமல் கிடக்கும். மேக்கில் மைக்ரோசாஃப்டின் இலவச தொலைத்திரைச் செயலி. 2024-இல் அதற்கு 'விண்டோஸ் ஆப்' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். டாலி ஓடுவது அலமாரியில், தெரிவது மேக்கில். மின்கையெழுத்துக் குச்சியை மட்டும் அந்தப் பழைய பெட்டியில் செருகினால் தொலைத்திரை இணைப்பில் பொதுவாகத் தெரியாது. காசு இருந்தால் இதையே மாத வாடகைக்கு மேகக் கணினியாகவும் எடுக்கலாம். "அப்போ பையன் மேக்ல படிக்கும்போது நான் எப்படித் தம்பி?" என்றார் அக்கா. அதற்கு வரலாற்றில் பதில் இல்லை. பையன் இரவில் படிக்கிறான், அவர் பகலில் எழுதுகிறார் என்று ஏற்பாடு.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் பயன்படும் என்பதால் தமிழ் எழுத்துச் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடுக்கு முந்தைய காலத்தில், மென்பொருள் ஓடினாலும் தமிழ் ஓடாது. 128-க்கு மேற்பட்ட இடங்களில் எந்த எழுத்து என்பதில் விண்டோஸுக்கு ஒரு பட்டியல், மேக்குக்கு வேறு பட்டியல். சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே அமைத்ததால் அது மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்பகால மின்னூல்கள் மயிலையிலும் வந்தன. பாமினிக்காரர்கள் நிலைமை வேடிக்கை. எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று தெரியும். இன்று மேக்கிலேயே முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு இருக்கிறது, புதிதாக எழுதுபவர்களுக்குக் கவலையில்லை. பழையது வைத்திருப்பவர்களுக்குத்தான்.

என் பெரியப்பா விண்டோஸ் 98-இல், திஸ்கி எழுத்துருவில், எங்கள் குடும்பக் கதையைத் தட்டி வைத்திருந்தார். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து யார் யார் எந்த வருஷம் ரயிலேறினார்கள், பர்மாவிலிருந்து யார் திரும்பவில்லை என்று 140 பக்கம். அவர் போன பிறகு நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் தன் மேக்கில் திறந்தால், கொம்பும் குறியும் வைத்த ரோமன் எழுத்துகள். 'இதுக்காக மேக்ல விண்டோஸ் போடணுமாடா?' என்று கேட்டார். வேண்டியதில்லை. திஸ்கியை யூனிகோடாக மாற்றும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. திஸ்கியில் 'கொ' என்றால் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில். யூனிகோடில் ககரம் முதலில். நிரல் இதை வரிசை மாற்றித் தருகிறது.

இன்னொரு காரணமும் சொன்னேன். 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்தபடி இன்டெல் மேக்குகளுக்கு டாஹோதான் கடைசிப் பதிப்பு. ரொசெட்டாவும் அதற்கடுத்த பதிப்போடு பெரும்பாலும் விடைபெறுகிறது. இன்றைக்கு ஒரு பாலம் போட்டுத் திறந்தால் நாலு வருஷம் கழித்து மறுபடி தேட வேண்டும்.

மாற்றிய கோப்பு ஒரு மணி நேரத்தில் தயார். இடையிடையே ஏழெட்டுப் பெயர்கள் மட்டும் உடைந்திருந்தன. பெரியப்பா அவற்றுக்கு வேறு ஏதோ எழுத்துருவைப் பயன்படுத்தியிருக்கிறார். அவற்றை எந்த நிரலாலும் திருத்த முடியவில்லை. கும்பகோணத்தில் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். 'ரங்கூன் கடைக்குப் போனவனா? அது கோவிந்தசாமி' என்றார். ஐந்து பெயர் கிடைத்துவிட்டது. மிச்சம் உள்ளவற்றுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.